குடைக்காரி காத்த கல்

அவளிடம் ஒரு குடை இருந்தது. கறுப்புத் துணி, மரப் பிடி, பிடியில் சிவப்பு நூல் சுற்றியிருக்கும். நல்ல குடை. ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு அவள் மழையில் போய் ஒருவரும் பார்த்ததில்லை. எங்கள் தேயிலை மலைப் பக்கத்து மழை பிடித்தால் லேசில் விடாது. அந்த மழையிலும் உரச் சாக்கை ஒரு மூலையில் மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, சொட்டச் சொட்ட நோர்வூட் டவுனுக்குப் போய்ச் சாமான் வாங்கி வருவாள். குடை அவள் காம்பரா அறையில் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும்.

"அந்தக் கொடைய எடுத்துட்டுப் போனாத்தான் என்னா?" என்று அவள் மருமகள் சத்தம் போடுவாள்.

"அது என்னுதா?" என்பாள் இவள். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

யாரோ பஸ் நிற்கிற இடத்தில் விட்டுப்போன குடை அது. இவள் எடுத்து வந்து வைத்துக்கொண்டாள். வெயில் அடிக்கிற நாளில் வாசலில் விரித்துக் காயவைப்பாள். கம்பிகளுக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவாள். அப்படித்தான் தோட்டத்து வீடுகள் ஒட்டி வரிசையாக நிற்கிற எங்கள் லயம் முழுக்க அவளுக்குக் குடைக்காரி என்று பெயர் வந்தது. அவள் சொந்தப் பெயரைப் பிள்ளைகளெல்லாம் மறந்தே போனார்கள்.

ரொம்ப நாள் கழித்து, லயத்துக்கு வந்து கர்ப்பிணிகளைப் பார்க்கிற மருத்துவிச்சி நோனா வாசலில் விரித்திருந்த அந்தக் குடையைப் பார்த்துவிட்டு நின்றார்.

"இது என்னோட கொட மாதிரி இருக்கே!"

"அடையாளம் சொல்லுங்க" என்றாள் இவள். உத்தியோகத்து நோனா என்றும் பார்க்கவில்லை.

"பிடியில செவப்பு நூல். என் மக சுத்துனது."

உடனே குடையை மடக்கி இரண்டு கையாலும் நீட்டினாள். நோனாவுக்குச் சிரிப்பு. "நான் அப்பவே வேற வாங்கிட்டேன். நீங்களே வச்சுக்குங்க, பரவாயில்ல" என்றார்.

அவளுக்கு வந்ததே கோபம். "நான் வச்சுக்கிறதுக்கா இவ்வளவு காலம் நனைஞ்சேன்?" என்று கேட்டுவிட்டு, குடையை நோனாவின் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். குடை போனாலும் பெயர் போகவில்லை.

நானும் அவளும் ஒரே லயம். நடுவில் ஒரு சுவர். அவள் வீட்டில் ரொட்டி தட்டினால் என் வீட்டுப் பலகையில் உள்ள கோப்பைகள் ஆடும். ஒரே வயது, ஒரே நாளில் தோட்டத்து வேலைக்குப் பேர் பதிந்தோம். மலையில் கொழுந்து எடுக்கும்போதும் பக்கத்துப் பக்கத்து நிரைதான். எனக்கு வாய் கிடையாது. கடையில் இரண்டு பேர் நின்றால் என்ன வாங்க வந்தேன் என்பதே மறந்துபோகும். அதனால் அவள் என்னை ஊமச்சி என்றுதான் கூப்பிடுவாள். "ஏ ஊமச்சி, சீனி வேணுமா, பருப்பு வேணுமா, தலையையாச்சும் ஆட்டு" என்று கேட்டு எனக்கும் சேர்த்து அவளே வாங்கிவிடுவாள்.

அவள் வீட்டுப் பலகையில் எந்த நேரமும் பிறத்தியார் சாமான் இருக்கும். ஒற்றைச் செருப்பு, ஆட்டு மணி, பள்ளிக்கூடத்துக் கழுத்துப்பட்டி. ஒரு திருவிழா முடிந்த மறுநாள் ஒரு பல்செட்டுகூட இருந்தது. அது யாருடையது என்று லயத்தில் எல்லாருக்கும் தெரியும். பழைய கங்காணி ஒருவர் வாயைத் துண்டால் மூடிக்கொண்டு வந்து, "அத குடு தாயி" என்று கொழகொழவென்று கேட்டார்.

"எத?"

"அதான் அத."

"அடையாளம் சொல்லுங்க மாமா."

"பல்லுக்கு என்னாடி அடையாளம் சொல்றது!" என்று அவர் துண்டை எடுத்துக் கத்தினார். வாயைப் பார்த்துவிட்டு, "சரி, இதுதான் அடையாளம்" என்று கொடுத்துவிட்டாள். அன்றைக்கு மலையில் ஒருத்தியும் ஒழுங்காகக் கொழுந்து எடுக்கவில்லை. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

இப்படிப்பட்டவள் கையில்தான் அந்தக் கல் வந்து சேர்ந்தது.

எங்கள் லயத்துக்குக் கீழே ரோட்டில் ஒரு பெரிய வளைவு. முன்னொரு காலத்தில் மரக்கறி ஏற்றப் போன லொறி ஒன்று பனிமூட்டத்தில் அந்த வளைவில் கவிழ்ந்து டிரைவர் இறந்துபோனார். வெகுதூரத்துச் சிங்கள மனிதர். தோட்டத்து ஆட்கள்தான் பள்ளத்தில் இறங்கித் தூக்கினார்கள். பிறகு அவர் வீட்டு ஆட்கள் வந்து, ரோட்டோரத்தில் சீமெந்துக் கல் ஒன்று நிறுத்திக் கறுப்புப் பலகை பதித்து, அதில் சிங்களத்தில் எழுத்தும் ஒரு வட்டப் படமும் வைத்தார்கள். பீங்கானில் பதிந்த படம். சட்டைப் பையில் ஒரு சீப்பு நீட்டிக்கொண்டிருக்கும்.

முதல் இரண்டு மூன்று வருஷம் அவர் இறந்த நாளில் அவர்கள் வந்தார்கள். மனைவி, ஒரு சின்னப் பெண் பிள்ளை, இன்னும் சில பேர். கல்லைக் கழுவி, வெள்ளைப் பூக்களைக் காம்பு கிள்ளி வரிசையாக வைத்து, தேங்காய் எண்ணெய் விளக்கு ஏற்றுவார்கள். லயத்துப் பிள்ளைகளுக்கு பிஸ்கட் கொடுப்பார்கள். நாங்கள் மேலே நிரையில் நின்று பார்ப்போம். மழை என்றால் சாக்கைப் போட்டுக்கொண்டு நிற்போம்.

பிறகு அவர்கள் வரவில்லை. அந்த மலையையும் தோட்டத்தில் கைவிட்டுவிட்டார்கள். தேயிலை மரமாக வளர்ந்தது. மானாப் புல் ஆளுயரத்துக்கு ஏறிக் கல்லை மூடிக்கொண்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விறகுக்குப் போன இடத்தில் அவள் கத்தியை எடுத்துப் புல்லை வெட்ட ஆரம்பித்தாள். நான் விறகைக் கட்டிவிட்டு நின்றுகொண்டிருக்கிறேன், இவள் வெட்டிக்கொண்டே இருக்கிறாள். கல் தெரிந்ததும் ஓடையில் தண்ணீர் மொண்டு வந்து தேங்காய்ப் பொச்சு நாரால் தேய்த்தாள். படத்தைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

"பாரு ஊமச்சி, தலையில முடியே இல்ல. இவருக்குச் சீப்பு எதுக்கு?" என்று சிரித்தாள்.

அதற்குப் பிறகு ஞாயிறு தவறவிடமாட்டாள். அந்த ஆட்கள் எப்படிச் செய்தார்களோ அப்படியே செய்வாள். வெள்ளைப் பூதான் வைப்பாள், காம்பு கிள்ளித்தான் வைப்பாள். மஞ்சள் இல்லை, குங்குமம் இல்லை, சூடம் இல்லை. ஒருநாள் நான் பழக்கத்தில் கையெடுத்துக் கும்பிடப் போனேன். "கைய எறக்கு. அவரு என்னா ஒனக்குக் கடவுளா?" என்றாள்.

ஏன் இந்த வேலை என்று கேட்பவர்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு பதில் சொல்வாள். மருமகளிடம், "ஒன் மூஞ்சப் பாக்காம ஒரு மணி நேரம் இருக்கலாம்ல" என்பாள். கோயில் பூசாரியிடம், "இவரு தட்டுல காசு கேக்கமாட்டாரு" என்றாள். என்னிடம் மட்டும் அவளாக ஒரு நாள் சொன்னாள். அவள் அப்பா, அம்மா, தம்பி எல்லாரும் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட ஆட்களோடு கப்பலேறிப் போனவர்கள். இவள் கல்யாணம் முடித்திருந்ததால் நின்றுகொண்டாள். அம்மா அங்கே போன கொஞ்ச நாளில் இறந்துபோனதாகச் சேதி மட்டும் வந்தது.

"எந்த ஊரு, எந்த எடம், ஒண்ணும் தெரியாது. நான் போய்ப் பாக்கவும் போறதில்ல" என்று பொச்சைப் பிழிந்தாள். "இவருக்காச்சும் எடம் இருக்கு. ஆளுங்க வரணும், அவ்வளவுதான். வந்தா, வச்ச மாதிரி இருக்கணும்."

பிழிந்த பொச்சை உதறிவிட்டுத் திரும்பக் கல்லைத் தேய்க்கக் குனிந்தாள்.

தொல்லை வந்தது அவள் சுத்தத்தால்தான். ரோட்டோரத்தில் ஒரு கல், சுற்றிலும் கூட்டிப் பெருக்கிய தரை, மேலே பூ. எங்கள் ஆட்கள் சும்மா இருப்பார்களா? வளைவில் திரும்பும் திரீவீலர்கள் ஹோர்ன் அடித்துக் கும்பிட்டுப் போக ஆரம்பித்தன. பிறகு யாரோ தேங்காய் உடைத்தார்கள். வண்டியில் இறந்தவர் என்பதால் ரோதமுனி இறங்கியிருக்கிறது என்று பேச்சு வந்தது. ரோதை என்றால் சக்கரம். தேயிலைத் தொழிற்சாலை மெஷின்களுக்கும் வண்டிகளுக்கும் காவல் சாமி ரோதமுனி. ஒருநாள் நாங்கள் போனபோது டிரைவர் முகம் முழுக்கக் குங்குமம் அப்பியிருந்தது. பக்கத்தில் ஒரு திரீவீலர்காரன் எலுமிச்சம்பழம் வெட்டிக்கொண்டிருந்தான்.

அவள் அவன் முன்னாலேயே தண்ணீரை ஊற்றித் தேய்க்கத் தொடங்கினாள்.

"என்னாக்கா செய்றீங்க! சாமி அடிச்சிரும்!"

"ஒங்கப்பா போட்டோ வீட்டுல இருக்குல்ல? அதுல இப்படித்தான் அப்புவியா?"

"எங்கப்பா உசுரோட இருக்காரு."

"அப்ப அவரு மூஞ்சியில போய் அப்பு."

அந்த ஞாயிற்றுக்கிழமைகள் ஒரு சண்டையாக மாறின. அவர்கள் பூசுவார்கள், இவள் கழுவுவாள். ஓடைப் பாறையில் வழுக்கி அவள் கால் பிசகியபோது, முனி அடித்துவிட்டது என்று லயமே பேசியது. "பாசி அடிச்சிச்சு" என்று நொண்டிக்கொண்டே போனாள். சில பேர் அவளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். அவள் வீட்டு வாசலைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அது அவளுக்கு உறைத்தது என்று எனக்குத் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் ரொட்டி தட்டும் சத்தம் மெதுவாகிவிட்டது.

அப்போதுதான் கோயில் கமிட்டியில் தீர்மானித்தார்கள், அந்தக் கல்லைச் சுற்றி மேடை கட்டி, சீமெந்து பூசி, சூலம் நடுவது என்று. சீமெந்து பூசினால் எழுத்தும் போகும், படமும் போகும்.

மறுநாள் காலையில் மூன்று சக்கர வண்டியில் பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் ரொட்டி விற்க வருகிற சிங்கள மாத்தயாவை இவள் மறித்தாள். ரோட்டுக்குக் கூட்டிப்போய்க் கல்லைக் காட்டி வாசிக்கச் சொன்னாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்து, தெரிந்த தமிழில் சொன்னார். "பேர் சுனில். மனுசி, மகள் ரெண்டு பேரும் வச்ச கல். 'எங்கட அப்பா இந்த எடத்துல எங்கள விட்டுப் போனார்' எண்டு எழுதியிருக்கு."

திரும்பி வரும் வழி முழுக்க "சுனிலு, சுனிலு" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கூட்டம். பொம்பிளைகள் ஓரமாக உட்கார்ந்திருந்தோம். தோட்டத்துத் தலைவர் இவளைப் பார்த்துவிட்டு, "என்னாக்கா, சாமியப் பொச்சு போட்டுத் தேய்க்கிறீங்களாமே?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

"சாமி இல்ல தலைவரே. டைவரு."

"செத்தவங்க சாமியாகுறதுதானே? நம்ம மாடசாமியெல்லாம் அப்பிடி வந்ததுதானே?"

"நம்ம வீட்டு ஆளு செத்தா நாம சாமியாக்கிக்கலாம். இவரு பிறத்தி வீட்டு ஆளு. அவுங்க கிட்டக் கேட்டீங்களா?"

"அவுங்கதான் வர்றதே இல்லயே!"

"வர்ற வரைக்கும் வராமத்தான் இருப்பாங்க."

ஒரு பொம்பிளை எழுந்து, "எம்மவனுக்கு அங்க வேண்டிக்கிட்டுத்தான் திரீவீல் கெடச்சது" என்றாள். அவள் பொய் சொல்கிறவள் இல்லை. கண் கலங்கியிருந்தது.

இவள் அவளைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள். "இருக்கட்டும் தங்கச்சி. நீ கும்புட்ட சாமி எங்க நின்னு கும்புட்டாலும் குடுக்கும். ஆனா அந்தக் கல்லுக்குப் பேரு சுனிலு. அவருக்கு ஒரு மவ இருக்கு. இப்ப பெரிய புள்ளயா இருக்கும். அது ஒரு நா வந்து, எங்கப்பா எங்கன்னு கேட்டா நீங்க எதக் காட்டுவீங்க? சூலத்தையா? அதுக்கு முன்னாடி நின்னு அந்தப் புள்ள எப்பிடி அழும்?"

பூசாரி தொண்டையைச் செருமினார். தலைவர் மீசையைத் தடவிவிட்டு, "அப்ப ரோட்டுக்கு மேல்பக்கம் சப்பு மரத்தடியில நட்டுக்குவோம்" என்றார்.

இப்போதும் நீங்கள் அந்த வளைவில் போனால் பார்க்கலாம். மேல்பக்கம் ரோதமுனி, தகரக் கூரையோடு, எலுமிச்சம்பழ மாலையோடு. கீழ்ப்பக்கம் டிரைவர். சூலம் நட்ட அன்று இவளும் போய்ச் சூடம் ஏற்றிக் கும்பிட்டாள். பிறகு ரோட்டைத் தாண்டி வந்து டிரைவரின் கல்லைத் துடைத்தாள்.

அப்புறம் ஒரு பெருமழையில் அந்த வட்டப் படம் கழன்று விழுந்துவிட்டது. உடையவில்லை. பசை வாங்கித் தருகிறேன், ஒட்டிவிடலாம் என்று தலைவரே சொன்னார். இவள் ஒத்துக்கொள்ளவில்லை. "கோணலா ஒட்டிட்டா? ஒட்டுறவங்க வருவாங்க" என்று பழைய வேட்டித் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டாள். கல்லில் படம் இருந்த இடம் வட்டக் குழியாக இருந்தது. ஞாயிறுதோறும் அந்தக் குழியில் தேங்கிய தண்ணீரை விரலால் வழித்துவிடுவாள்.

போன வருஷம் ஐப்பசியில் அவளுக்கு நெஞ்சுச் சளி கட்டியது. ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வந்தாள். எழுந்து நடக்க முடியவில்லை. நான் ஞாயிறு போய்க் கல்லைக் கழுவிவிட்டு வந்து அவளிடம் சொல்வேன். கண்ணை மூடிக்கொண்டே, "காம்பு கிள்ளுனியா?" என்று கேட்பாள்.

ஒருநாள் துணிச் சுற்றை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"ஏங்கிட்ட எதுக்கு? எனக்கு யார்கிட்டயும் பேச வராதே" என்றேன். எனக்குப் பயமாக இருந்தது.

"அதுக்காகத்தான் ஒங்கிட்டக் குடுக்குறேன். வேற யாருன்னாலும் கேட்டதும் சிரிச்சுக்கிட்டே தூக்கிக் குடுத்துருவாங்க. மவ வந்தாக் குடு. அடையாளம் கேளு. கேக்காமக் குடுத்துறாத, ஊமச்சி."

அடுத்த வாரம் அவள் போய்ச் சேர்ந்தாள். தேயிலைக்கு மேலே, எங்கள் ஆட்களைப் புதைக்கிற மேட்டில் வைத்தார்கள். அங்கே யாருக்கும் கல் கிடையாது.

இந்த வருஷம் ஒரு ஞாயிறு காலை நேரம். மழைக்கு இருட்டியிருந்ததால் சாக்கைப் போட்டுக்கொண்டு நான் கல்லைக் கழுவிவிட்டு எழுந்திருக்கும்போது வெள்ளை வேன் ஒன்று வளைவைத் தாண்டிப் போய், நின்று, பின்னுக்கு வந்தது. ஒரு இளம் பெண் இறங்கினாள். பின்னால் அவள் புருஷன். நான் சட்டென்று புல்லுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவள் கல்லுக்கு முன்னால் வந்து நின்றாள். எழுத்தைத் தடவினாள். குழியைத் தடவினாள். பிறகு முட்டி போட்டு உட்கார்ந்து அழுதாள். கையில் தாமரைப் பூக்கள்.

எனக்குச் சிங்களம் காதுக்கு வரும், வாய்க்கு வராது. அவள் புருஷனிடம் சொல்வது கேட்டது. அம்மா பணிப்பெண்ணாக வெளிநாடு போனது, தான் பெரியம்மா வீட்டில் வளர்ந்தது, இந்த ரோட்டில் எல்லா வளைவும் ஒரே மாதிரி இருப்பது. எல்லாம் காடாகிப் போயிருக்கும் என்று நினைத்தேன் என்றாள். யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றாள். அப்புறம், படம்தான் இல்லை என்றாள்.

துணிச் சுற்று என் சேலை மடியில்தான் இருந்தது. ஞாயிறு அதை எடுத்துக்கொண்டுதான் வருவேன். புல்லை விலக்கி, திரும்ப விட்டுவிட்டேன். வேனுக்குத் திரும்பிப் போய்விடுவார்களோ என்று பயந்தேன். எப்படியோ ரோட்டுக்கு வந்துவிட்டேன்.

சாக்குப் போட்ட கிழவியைப் பார்த்ததும் அவள் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். நீங்கள்தானா அம்மா, என்று சிங்களத்தில் கேட்டாள். சின்ன வயதில் மேலே மழையில் சாக்கோடு நின்ற பெண்களைப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது என்றாள்.

"நான் இல்ல" என்றேன் தமிழில். "அவ."

யார் என்று அவள் சுற்றிலும் பார்த்தாள். நான் மடியிலிருந்து துணிச் சுற்றை எடுத்தேன். பிரிக்கவில்லை. நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன். அவள் கை நீட்டினாள். நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று. அவள் புருஷன் சட்டைப் பைக்குள் கையை விட்டான், காசு கேட்கிறேன் என்று நினைத்து. எனக்கு வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது. இருந்தாலும் வாயைத் திறந்தேன்.

"போட்டோ. தாத்தா... அப்பா போட்டோ. அடையாளம் சொல்லுங்க."

அவளுக்குத் தமிழ் புரியவில்லை. சிங்களத்தில் அப்பாவைத் தாத்தா என்பார்கள்; அதுவும் போட்டோ என்பதும் மட்டும் புரிந்தது. என் முகத்தையும் துணிச் சுற்றையும் பார்த்தாள். பிறகு அவள் கை மெல்ல எழுந்து, தன் உடுப்பில் இல்லாத ஒரு பையை நெஞ்சில் தொட்டு, அதிலிருந்து எதையோ உருவி எடுத்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து வாரிக்கொண்டது. வாரிவிட்டுத் திரும்ப அந்தப் பையிலேயே செருகிக்கொண்டது. அழுதுகொண்டே சிரித்தாள்.

நான் துணியைப் பிரித்துக் கொடுத்தேன்.

மழை தூறத் தொடங்கியது. வைத்திருந்தவள் எங்கே என்று கேட்டாள். மேட்டைக் காட்டினேன். பெயரைக் கேட்டாள். குடைக்காரி என்று சொல்ல வந்து, நிறுத்தி, அவள் பெயரைச் சொன்னேன். எத்தனையோ காலத்துக்குப் பிறகு அந்தப் பெயரை வாயால் சொன்னேன். அவள் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு, தாமரையில் பாதியையும் வேனிலிருந்த குடையையும் எடுத்துக்கொண்டு என்னோடு மேட்டுக்கு ஏறி வந்தாள். வழி முழுக்கத் தன் குடையை என் தலைக்கு மேலே பிடித்தாள். மேட்டில் புல் வளர்ந்து கிடந்தது. கல்லைப் பார்த்துக்கொண்ட எனக்கு இந்த மேட்டைப் பார்க்கத் தோன்றவில்லை. அவள் குடையை என் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்து, காம்பு கிள்ளிப் பூவை வைத்தாள்.

கீழே வேன் ஹோர்ன் அடித்தது. மழை கனத்தது. புருஷன் கூப்பிட, அவள் என் கன்னத்தைத் தொட்டுவிட்டு, படத்தை மாரோடு அணைத்துக்கொண்டு சறுக்கிச் சறுக்கி இறங்கி ஓடினாள். படத்தை ஒட்ட அடுத்த வருஷம் ஆள் கூட்டி வருகிறேன் என்று கீழே இருந்து கத்தினாள். வேன் வளைவில் மறைந்த பிறகுதான் பார்த்தேன். குடை என் கையில் இருந்தது.

மடக்கி, ஈரத்தை உதறி, சாக்குக்குள் வைத்துக்கொண்டு, நனைந்துகொண்டே லயத்துக்கு ஏறினேன்.